பற்றவைப்பு: ஒட்ட வைத்த நெருப்பின் கதை

ஏழெட்டாயிரம் ரூபாய் கொடுத்தால் வெல்டிங் மிஷின் இப்போது வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. பள்ளிக்கூடப் பை அளவுதான் இருக்கும். தோளில் மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடலாம். எங்கள் அத்திபெலே பக்கம் ஞாயிற்றுக்கிழமை தெருவில் நடந்தால், கிரில் பட்டறையில் மட்டும் தெரிந்த நீல வெளிச்சம் இன்று கார் ஷெட்டிலும் மாடியிலும் தெரிகிறது. ஓசூரிலும் பொம்மசந்திராவிலும் ஜிகிணியிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் அதில் நிறைய. செடித்தொட்டி ஸ்டாண்ட், ஷூ ரேக், நாய்க்கூண்டு என்று ஆளுக்கு ஒன்று செய்கிறார்கள். நல்ல விஷயம்தான்.

நான் பி.காம் படித்துவிட்டு வங்கியில் வேலை பார்க்கிறவன். ராடு பிடித்துப் பிழைப்பவன் இல்லை. ஆனால் பிறந்தது திருவெறும்பூர். அந்த ஊர்க்காரனுக்கு வெல்டிங் என்பது தஞ்சாவூர்க்காரனுக்கு நெல் மாதிரி. வேலையில் சேர்ந்த பிறகும் ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகளின் கடன் ஃபைல்கள்தான் என் மேஜைக்கு வந்தன. ஃபைலைப் புரிந்துகொள்ளத் தொழிலின் வரலாற்றைப் படிக்கப் போய், அது பழக்கமாகவே ஆகிவிட்டது.

மிஷின் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் வரும். அதில் பத்துப் பதினைந்து எச்சரிக்கைகள் இருக்கும். யாரும் படிப்பதில்லை. அந்த வரிகள் எல்லாம் யாரோ சிலர் கண்ணையும் கப்பலையும் உயிரையும் கொடுத்து எழுதியவை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீயோடு உட்காருங்கள்.

ஒரு சொல், மூன்று அர்த்தம்

வெல்டிங்குக்குத் தமிழில் பற்றவைப்பு என்று சொல்கிறோம். பற்ற வைப்பது என்றால் ஒட்ட வைப்பது. அடுப்பைப் பற்ற வைப்பதும் அதே சொல்தான். எங்கள் வங்கிக் கணக்கில் பற்று என்றால் கையை விட்டுப் போகும் பணம். ஒட்டுவது, எரிவது, இழப்பது மூன்றும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. வெல்டிங்கின் வரலாறும் இந்த மூன்றுக்குள்தான் இருக்கிறது.

மின்சாரம் வருவதற்கு முன்

இரும்பை இரும்போடு ஒட்டுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வித்தை இல்லை. உலையில் வெள்ளையாகக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்தே ஒன்றாக்கும் முறை நம் கொல்லர்களுக்குத் தெரியும். டெல்லியில் 1600 ஆண்டுகளாக நிற்கும் இரும்புத் தூண் அப்படி அடித்து ஒட்டியதுதான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். தஞ்சாவூர் கீழவாசல் பீரங்கி மேட்டில் ராஜகோபால பீரங்கி இருக்கிறது. ரகுநாத நாயக்கர் காலம், 1600களின் முற்பகுதி. ஏறக்குறைய 25 அடி நீளம், இருபது டன்னுக்கு மேல் எடை. அது வார்த்தது அல்ல. நீளநீள இரும்புப் பட்டைகளை உருளையாக அடுக்கி, அதன்மேல் இரும்பு வளையங்களைக் காய்ச்சி இறுக்கி, அடித்து ஒட்டிச் செய்தது. ஐ.ஐ.டி. கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் இதை ஆராய்ந்து விரிவாக எழுதியிருக்கிறார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெரிய கோயிலோடு திரும்பிவிடாமல் பிள்ளைகளை அங்கேயும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மின்சாரமும் ஒரு பூச்சும்

1800களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி இரண்டு கரித்துண்டுகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து வளைந்து எரிவதைக் காட்டினார். அதைக் கொண்டு இரும்பை உருக்கி ஒட்டலாம் என்று செய்து காட்ட இன்னும் எழுபது, எண்பது வருடம் ஆனது. ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த நிக்கோலாய் பெனார்டோஸ், போலந்துக்காரர் ஓல்ஷெவ்ஸ்கியோடு சேர்ந்து 1885ல் காப்புரிமை வாங்கினார். அவர் பிடித்தது கரிக்குச்சி. 1888ல் ஸ்லாவ்யானோவ் என்ற இன்னொரு ரஷ்யர் கரிக்குப் பதிலாக உலோகக் கம்பியையே பிடித்தார். கம்பியே உருகி இணைப்பை நிரப்பியது. இன்று நம் ஹோல்டரில் மாட்டும் ராடுக்கு அவர்தான் தாத்தா.

ஆனால் வெறும் கம்பியால் போட்ட இணைப்பு பிஸ்கட் மாதிரி உடைந்தது. உருகிய இரும்புக்குள் காற்று புகுந்துவிடுவதுதான் காரணம். இதைத் தீர்த்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்கர் ஷெல்பெர்க். கப்பல் இன்ஜினியர், பாய்லர்களைப் பழுது பார்ப்பவர். கம்பியைக் கனிமப் பசையில் தோய்த்து உலர்த்தினார். ராடு எரியும்போது அந்தப் பூச்சும் எரிந்து புகையாகி, உருகிய இரும்பைச் சுற்றிக் காற்று வராமல் காத்தது. அதுவே கசடாகி மேலே மூடியது. 1904ல் அவர் தொடங்கிய கம்பெனிதான் ஈசாப். இன்று அதன் இந்தியத் தலைமை அலுவலகம் சென்னை அம்பத்தூரில் இருக்கிறது.

ஆக, நாம் சுத்தியலால் தட்டி எறியும் கசடுதான் இந்தத் தொழிலையே காப்பாற்றியது. ராடை ஈரத்தில் போட்டு வைத்தால் பூச்சு நமத்துப் போகும். நூறு வருடம் பின்னால் போய்விடுவீர்கள். மழைக்காலத்தில் பாக்கெட்டை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

கண்ணைக் கொடுத்தவர்

கேஸ் வெல்டிங் வேறு வழியில் வந்தது. கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் வரும் வாயு அசிட்டிலின். (மாம்பழத்தைப் பழுக்க வைக்கத் தடையை மீறிப் பயன்படுத்துகிறார்களே, அதே கல்தான்.) அதை ஆக்சிஜனோடு எரித்தால் 3000 டிகிரிக்கு மேல் சூடு வரும் என்று பிரான்சின் லெ ஷாதலியே 1895ல் சொன்னார்.

அசிட்டிலினில் ஒரு சிக்கல் உண்டு. கொஞ்சம் அழுத்தினாலே, காற்று கூட இல்லாமல், தானே வெடிக்கும். அதை சிலிண்டரில் அடைக்க வழி கண்டவர் ஸ்வீடனின் குஸ்டாஃப் டாலேன். சிலிண்டருக்குள் நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளை நிரப்பி, அதில் அசிட்டோனை ஊற வைத்து, வாயுவை அதில் கரையச் செய்தார். 1912ல் ஒரு சோதனையில் சிலிண்டர் வெடித்து அவருக்குப் பார்வை போனது. கலங்கரை விளக்கங்களுக்கான கண்டுபிடிப்புகளுக்காக அதே ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு வந்தது. வாங்க அவரால் போக முடியவில்லை. அண்ணன் தம்பிகளில் ஒருவர் போய் வாங்கினார். கடலில் போகிறவர்களுக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்தவர், மீதி இருபத்தைந்து வருடத்தை இருட்டிலேயே வாழ்ந்து, 1937 வரை தன் கம்பெனியை நடத்தினார்.

அசிட்டிலின் சிலிண்டரைப் படுக்க வைத்துப் பயன்படுத்தாதே என்று பட்டறையில் சொல்வார்கள். படுக்க வைத்தால் அசிட்டோன் வெளியே வந்துவிடும். டாலேன் செய்த ஏற்பாடே கெட்டுவிடும். வீட்டு வேலைக்கு சிலிண்டரே வேண்டாம் என்பது என் கட்சி.

பிளந்த கப்பல்

1917ல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியபோது, அதன் துறைமுகங்களில் ஏராளமான ஜெர்மன் கப்பல்கள் முடங்கிக் கிடந்தன. கைப்பற்றப்படும் முன் ஜெர்மன் மாலுமிகள் இன்ஜின்களை உடைத்து வைத்தார்கள். சரி செய்ய மாதக்கணக்கில் ஆகும் என்பது அவர்கள் கணக்கு. மின் வெல்டிங்கால் எதிர்பார்த்ததை விட வேகமாகச் சரி செய்து, அதே கப்பல்களில் ஐரோப்பாவுக்குப் படைகளை அனுப்பினார்கள். ஒட்டு வேலை என்று இளக்காரமாகப் பார்க்கப்பட்ட தொழிலுக்கு மரியாதை வந்தது அப்போதுதான். 1920ல் ரிவெட்டே இல்லாத ஃபுல்லகர் என்ற கப்பல் இங்கிலாந்தில் தண்ணீரில் இறங்கியது.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா 2,710 லிபர்ட்டி கப்பல்களைக் கட்டியது. பெரும்பாலும் வெல்டிங். 1943 ஜனவரி 16 அன்று, சோதனை ஓட்டம் முடித்து போர்ட்லண்ட் துறையில் அமைதியான தண்ணீரில் நின்றுகொண்டிருந்த ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புது டாங்கர் கப்பல், பெரிய சத்தத்தோடு நடுவில் பிளந்தது. புயலும் இல்லை, குண்டும் இல்லை. வேறு பல கப்பல்களிலும் விரிசல் கண்டது. முதல் பழி வழக்கம்போல வெல்டர்கள் மேல்தான் விழுந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானி வேறு காரணம் காட்டினார். அந்த ரகத்து இரும்பு குளிரில் கண்ணாடி போல நொறுங்கும் தன்மை கொண்டது. ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங் செய்த கப்பல் முழுக்க ஒரே தகடு மாதிரி. விரிசலுக்கு வேகத்தடை கிடையாது.

வீட்டுக்கு இதில் பாடம் இருக்கிறது. ஒட்டிக்கொண்டது என்பதும் தாங்கும் என்பதும் வேறு வேறு. செடி ஸ்டாண்ட் உடைந்தால் தொட்டி போகும். ஊஞ்சல் கொக்கி, மாடிக் கைப்பிடி, ஏணி, வண்டியின் சேஸிஸ் ஆகியவற்றில் நாம் பழகிப் பார்க்கக் கூடாது. அதற்கு ஆள் இருக்கிறார்கள்.

நம் ஊர்க் கணக்கு

இந்தியாவில் இந்தியன் ஆக்சிஜன் அண்ட் அசிட்டிலின் கம்பெனி 1935ல் வந்தது. ராடு தயாரித்த அத்வானி ஓர்லிகான் பம்பாயில் 1951ல் தொடங்கியது. 1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலையை நேரு திறந்து வைத்தார். சுவிஸ் நாட்டுத் தொழில்நுட்பத்தில் முழுக்க வெல்டிங் செய்த இரும்புப் பெட்டிகள் அங்கே உருவாயின. நாமும் நம் அப்பா அம்மாவும் ஊருக்குப் போய் வந்த அந்த நீலப் பெட்டிகள் நிற்பது வெல்டர்களின் கைவேலையில்.

அடுத்தது எங்கள் ஊர். 1965ல் செக்கோஸ்லோவாக்கியா உதவியோடு திருச்சி பெல் பாய்லர் ஆலை வேலையைத் தொடங்கியது. அனல் மின்நிலைய பாய்லர் ஒன்றில் பல்லாயிரம் குழாய் இணைப்புகள். ஒன்று விட்டாலும் மின்நிலையம் நின்றுவிடும். அதனால் யார் வேண்டுமானாலும் ராடு பிடித்துவிட முடியாது. 1863ல் கல்கத்தாவில் நடந்த பெரிய பாய்லர் வெடிப்பு இந்தியாவின் முதல் பாய்லர் சட்டத்துக்குக் காரணம். அந்த வழியில் வந்ததுதான் 1950ன் ஐ.பி.ஆர். விதிமுறை. அதன்படி பரீட்சை எழுதி, மாதிரித் துண்டை வளைத்துப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்துத் தேறியவர்தான் பாய்லர் குழாயைத் தொடலாம். 1975ல் பெல் நிறுவனமே திருச்சியில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தையும் தொடங்கியது.

துவாக்குடி, அரியமங்கலம் பக்கமெல்லாம் ஆலைக்கு வேலை செய்து கொடுக்கும் சின்ன யூனிட்டுகள் முளைத்தன. 2010களில் மின்நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது பல யூனிட்டுகளில் சத்தம் நின்றது. எங்கள் மொழியில் சொன்னால் கணக்குகள் வாராக்கடன் ஆயின. ஆனால் கைத்தொழில் வாராக்கடன் ஆவதில்லை. அந்த வெல்டர்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஓசூருக்கும் போனார்கள். நம் தெரு முனைப் பட்டறையில் திருச்சித் தமிழ் கேட்டால் நின்று பேசிப் பாருங்கள். கல்லூரியில் கிடைக்காத பாடம் கிடைக்கும்.

எங்கள் தெருவில் வயதான வெல்டர்கள் பலர் இருந்தார்கள். சாலையில் எங்காவது வெல்டிங் நடந்தால் எங்கள் முகத்தைக் கையால் பிடித்துத் திருப்பி விடுவார்கள். அன்பாகச் சொல்ல மாட்டார்கள், அதட்டல்தான். அவர்கள் கண்கள் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியும்.

தீயின் கணக்கு

1942 பிப்ரவரி 9. நியூயார்க் துறைமுகத்தில் நார்மண்டி என்ற பிரெஞ்சு சொகுசுக் கப்பலைப் படைக்கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் ஒருவர் கேஸ் கட்டிங்கில் இரும்புத் தூணை அறுத்தார். பக்கத்தில் குவித்திருந்த உயிர்காப்பு உடைகளில் பொறி விழுந்தது. உள்ளே இருந்தது இலவம்பஞ்சு! நம் தலையணைப் பஞ்சில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். தீயை அணைக்கக் கொட்டிய தண்ணீரின் பாரத்தில் மறுநாள் அதிகாலை கப்பல் சரிந்து விழுந்தது. எதிரி நாட்டுச் சதி என்று ஊரே சந்தேகப்பட்டது. விசாரணையில் கிடைத்த எதிரி, அப்புறப்படுத்தாத பஞ்சு.

1996 ஏப்ரல் 11. ஜெர்மனியின் டுஸல்டார்ஃப் விமான நிலையம். மேலே சாலையில் வெல்டிங் நடந்தது. உருகிய சொட்டுகள் இடுக்கு வழியாக இறங்கி, கீழ்க்கூரையில் இருந்த தெர்மோகோல் வகைப் பொருளைப் பற்றவைத்தன. 17 பேர் இறந்தார்கள். வேலை செய்தவர் கண்ணுக்கு அந்தக் கூரை தெரியவே தெரியாது.

நம் ஊர்க் கதை உங்களுக்கே தெரியும். 2023 அக்டோபர் 7 அன்று அத்திபெலேயில் பட்டாசுக் கிடங்கு எரிந்தது. முதலில் 14 பேர், பிறகு மருத்துவமனையில் இன்னும் சிலர். பெரும்பாலும் தீபாவளி சீசன் வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த பையன்கள். தர்மபுரி மாவட்டத்தில் ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள் பலர். அதை வெல்டிங் விபத்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பொறிக்கும் ஊர் அழுவதற்கும் நடுவில் எவ்வளவு குறைந்த நேரம் என்பதை இந்த ஊரில் குடியிருக்கும் நமக்கு நியூயார்க்கிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டாம்.

வீட்டுக்கு வரவேண்டிய விதிகள்

இனி சின்னப் புத்தகத்துக்கு வருவோம்.

1. கண். குறைந்தது 10ஆம் நம்பர் ஷேடு உள்ள முகமூடி வேண்டும். கூலிங் கிளாஸ் உதவாது. தானாகக் கறுக்கும் முகமூடி 1981ல் ஸ்வீடனில் வந்தது. இன்று எல்லோர் கைக்கும் எட்டும் விலை. வெறும் கண்ணால் பார்த்தால் உடனே ஒன்றும் தெரியாது. ராத்திரி கண்ணில் மண் அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும். தாய்ப்பால், உருளைக்கிழங்கு வைத்தியம் வேண்டாம். கண் டாக்டரிடம் போங்கள். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் கெடுதல்தான். பிள்ளைகளையும் பக்கத்து வீட்டையும் மறைத்துத் திரை கட்டுங்கள்.

2. தீ. 35 அடிக்குள் எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. மாடியில் வேலை என்றால் கீழே போய்ப் பாருங்கள். டுஸல்டார்ஃப் பாடம் அதுதான். வாளித் தண்ணீர், மணல், தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். வேலை முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப வந்து பாருங்கள். பெட்ரோல், பெயிண்ட் இருந்த காலி டிரம்மைத் தொடவே தொடாதீர்கள். டிரம் காலி, ஆவி காலி இல்லை. நைலான், பாலியஸ்டர் உடை வேண்டாம். முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் கையுறை, மூடிய தோல் ஷூ.

3. மின்சாரம். ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். வியர்வையும் ஈரத்தரையும் சேர்ந்தால் அது போதும். காய்ந்த பலகை மேல் நில்லுங்கள். வீட்டு மெயினில் உள்ள ஆர்.சி.சி.பி. இந்தப் பக்க ஷாக்கிலிருந்து காப்பாற்றாது; மிஷினுக்குள் இரண்டு பக்கமும் பிரிந்திருக்கிறது. பட்டறையில் எர்த் என்று சொல்லும் கிளாம்ப் வேறு, பிளக்கின் மூன்றாவது கால் எர்த் வேறு. இரண்டும் வேண்டும். கிளாம்பை வேலைத்துண்டிலேயே மாட்டுங்கள், கேட்டிலோ தண்ணீர்க் குழாயிலோ அல்ல. தனி 16 ஆம்பியர் சாக்கெட்டில் 12ஆம் நம்பர் ராடு வரை ஓட்டலாம். மெல்லிய எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டவே வேண்டாம். பெஸ்காம் பில்லில் உங்கள் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அருகில் வரக் கூடாது.

4. புகை. வெல்டிங் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017ல் உறுதியாக வகைப்படுத்தியது. திறந்த வெளியில், காற்று உங்கள் பக்கவாட்டில் வரும்படி நின்று செய்யுங்கள். ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு எரிந்தால் சாயங்காலம் குளிர் ஜுரம் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பது நம்பிக்கை மட்டுமே. பூச்சைத் தேய்த்து எடுங்கள், மாஸ்க் போடுங்கள்.

5. பராமரிப்பு. மிஷினில் 60 சதவீதம், 200 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். 200 ஆம்பியரில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம்தான் ஓட்டலாம், நாலு நிமிடம் ஓய்வு. ஓவர்டிராஃப்ட் லிமிட் மாதிரி. மீறினால் வட்டி உண்டு. :-) மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு, உலர்ந்த காற்றால் தூசியை ஊதுங்கள். பல்லியும் கரப்பானும் உள்ளே குடிபோகாமல் மூடி வையுங்கள். கேபிள் லக் தளர்ந்தால் சூடாகும், இறுக்குங்கள். ஹோல்டரின் காப்பு உடைந்தால் டேப் சுற்றாதீர்கள், புதிது வாங்குங்கள்.

முகமூடி, கையுறை, ஷூ, தீயணைப்பான் எல்லாம் சேர்த்தால் மிஷின் விலையில் பாதி வரலாம். கடன் ஃபைல் பார்க்கிறவனாகச் சொல்கிறேன்: மிஷினுக்கு மட்டும் பட்ஜெட் போட்டு இதற்குப் போடாத திட்டத்தை நான் பாஸ் செய்ய மாட்டேன். இந்தப் பற்றை நாம் பணத்தில் எழுதிவிடலாம். டாலேன் கண்ணில் எழுதினார்.

பி.கு: உங்களில் பெல், ஐ.சி.எஃப்., ஓசூர் ஆலைகளில் ராடு பிடித்த அப்பாவோ மாமாவோ இருந்தால், முதல் ராடை அவர்கள் பக்கத்தில் நின்று எரியுங்கள். எனக்குத் தெரியாத விஷயங்கள் அவர்களுக்குத் தெரியும். கேட்டு எழுதுங்கள், எல்லோரும் படிக்கலாம்.